திரையா, தொலைபேசியா, தெருவா: பெருந்தொற்றில் கத்தோலிக்கப் பள்ளிகளின் உறவு வழிகள்

2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழகப் பள்ளிகள் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு 2021 ஜனவரி 19 அன்று திறந்தன. ஒன்று முதல் எட்டு வரை படித்த பிள்ளைகளோ அதே ஆண்டு நவம்பர் 1 வரை காத்திருந்தனர். பாளையங்கோட்டை மறைமாவட்டத்துப் பள்ளிகளைப் போல, பிள்ளையின் வீட்டு நிலவரம் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று கருதும் பள்ளிகள், அந்த இடைவெளியில் கைக்கொள்ளக்கூடிய வழிகளாக இருந்தவற்றை, பாடத்தை ஒதுக்கிவிட்டு உறவை மட்டும் அளவுகோலாகக் கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நேரலை வகுப்பில் எல்லா முகங்களையும் ஒரே நேரத்தில் காண முடியும். காலை இறைவணக்கத்தையும் விடாமல் நடத்தலாம். கட்டணம் செலுத்திப் படிக்கும் மெட்ரிக் பள்ளிகளுக்கு இது ஓரளவு பொருந்தியது. முக்கூடல், ஆலங்குளம் வட்டாரத்தில், தாய் பீடி சுற்ற, தந்தை கூலி வேலைக்குப் போகும் வீட்டில், இருக்கும் ஒரே கைபேசி பகலில் தந்தையோடு போய்விடும் என்பதால், அரசு உதவி பெறும் தமிழ்வழிப் பள்ளியின் பிள்ளைக்கு இந்த வழி பாதி மூடிய கதவுதான்.

வாட்ஸ்அப் குழு இக்குறையை ஒரு வகையில் ஈடுசெய்தது: இரவில் கைபேசி வீடு திரும்பியதும் ஆசிரியரின் குரல்பதிவைக் கேட்கலாம். ஆனால் எந்தக் குழுவும் சில வாரங்களில் அறிவிப்புப் பலகையாகிவிடும். கல்வித் தொலைக்காட்சி பாடத்துக்கு உதவியது. பிள்ளையின் பெயர் அதற்குத் தெரியாது.

என் கணிப்பில் மேலானது, வகுப்பாசிரியர் ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியே தொலைபேசியில் அழைப்பதே. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் நாளுக்கு ஐவர் என்று வைத்தால், எட்டு வேலை நாள்களில் ஒரு சுற்று முடிந்துவிடும். நாற்பது பேர் பார்க்கும் திரையில் எவரும் சொல்லாத இழவையும் கடனையும், "டீச்சர், கொஞ்சம் பேசலாமா?" என்று தொடங்கும் தாய் அந்த அழைப்பில்தான் சொல்வார். ஆசிரியருக்கு இது கூடுதல் சுமை என்பதையும், ரீசார்ஜ் செய்யாத எண் ஒலிக்காது என்பதையும் மறுப்பதற்கில்லை.

பங்குகளில், அதாவது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பிலுள்ள கோயில் வட்டாரங்களில், முன்பே இயங்கிவந்த அன்பியங்கள் எனும் சிறு கத்தோலிக்கக் குடும்பக் குழுக்கள் கத்தோலிக்கப் பள்ளிக்கே உரிய வாய்ப்பு. தெருவாரியாகக் குடும்பங்கள் பிரிக்கப்பட்டிருந்ததால், எந்த வீட்டில் காய்ச்சல், எந்த வீட்டில் அரிசி இல்லை என்ற செய்தி பங்குத்தந்தைக்கும் அருட்சகோதரிகளுக்கும் விரைவில் எட்டக்கூடிய ஏற்பாடு அது. திண்ணைக்கு இப்பால் நின்றபடி சிஸ்டர் நலம் விசாரிப்பதற்கு எந்தச் செயலியும் ஈடாகாது. குறை என்னவென்றால், இப்பள்ளிகளில் படிக்கும் இந்து, முஸ்லிம் பிள்ளைகள் சிறு தொகையினர் அல்லர். அவர்களின் வீடுகள் அன்பியப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. அந்தப் பட்டியலை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினால், பக்கத்து வீட்டுப் பிள்ளையை, அவன் அதே வகுப்பில் படித்தாலும், கடந்து போக நேரிடும். ஆகவே தெருப் பிரிவு அன்பியத்துடையதாகவும், பெயர்ப் பட்டியல் வகுப்பு வருகைப் பதிவேடாகவும் இருப்பதே முறை.

திட்டமிடாத இன்னொரு வழியும் வாய்த்தது. சத்துணவுக்குப் பதிலாக அரசு வழங்கிய அரிசியையும் பருப்பையும் வாங்கப் பெற்றோர் பள்ளிக்கே வந்தார்கள். அந்த வரிசையில் மத வேறுபாடு இல்லை. வாசலில் கையெழுத்து வாங்கும் மேசைக்குப் பக்கத்தில் வகுப்பாசிரியருக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தால், தொலைபேசியில் கிடைக்காத வீடுகளின் செய்தியும் அன்றே கிடைத்திருக்கும்.