நிலவறைக்கு நீர்க்காப்பு: தாரா, கான்கிரீட்டா, மோட்டாரா?

சென்னையில் ஒரு மேஸ்திரியிடம் ‘பேஸ்மென்ட் போட வேண்டும்’ என்று சொன்னால், தரைக்கு மேலே இரண்டு மூன்று அடி உயர்த்திக் கட்டும் பீடத்தைத்தான் அவர் நினைத்துக்கொள்வார். தரைக்குக் கீழே அறை கட்டுவது இங்கே எவ்வளவு புதிய பழக்கம் என்பதற்கு அந்தச் சொல்லே சாட்சி. மனை விலை ஏற ஏற, கார் நிறுத்தவும் பொருள் போட்டு வைக்கவும் நிலவறை கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களிடம் மூன்று வழிகள் நீட்டப்படுகின்றன: வெளிப்புறம் தார் உறை போர்த்துவது, கான்கிரீட்டையே நீர் புகாதபடி வார்ப்பது, கசிவதைக் கசியவிட்டு மோட்டாரால் இறைப்பது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன், மனையில் டிசம்பர் மாதத்தில் தண்ணீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று தெரிய வேண்டும். கோடையில் குழி தோண்டினால் அடிவரை காய்ந்து கிடக்கும். ‘இங்கே தண்ணீரே இல்லை சார்’ என்பார்கள். வடகிழக்குப் பருவமழை முடியும் நேரத்தில் பக்கத்து வீட்டுக் கிணற்றை எட்டிப் பாருங்கள். அந்த மட்டம்தான் கணக்கு. 2019 கோடையில் குடத்துடன் லாரிக்குக் காத்திருந்த இதே நகரம்தான் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் மூழ்கியது.

மண்ணும் முக்கியம். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோர மணலில் தண்ணீர் தங்குதடையின்றி வரும். வேளச்சேரிப் பக்கத்துக் களிமண்ணில் அது மெதுவாக நகரும் என்பதை நம்பி ஏமாறக் கூடாது. சுவரைச் சுற்றித் தோண்டிய இடைவெளியில் தளர்வான மண்ணைப் போட்டு நிரப்பியதும் மழைநீர் அங்கே தேங்கி, வீடு ஒரு தொட்டிக்குள் நிற்கும். மழைநீர் சேகரிப்புக் குழியைச் சுவரை ஒட்டி அமைத்தால் அந்தத் தொட்டியை நாமே நிரப்பிக் கொடுக்கிறோம்.

தார் உறை பழைய வழி. தார்த் தாளைச் சூடாக்கிச் சுவரின் வெளிமுகத்தில் ஒட்டுவார்கள். கடப்பாக்கல் பலகைகளைப் பெட்டிபோல் அடுக்கிக் கலவையால் இடைவெளியை அடைப்பது இதன் உள்ளூர்ச் சகோதரம். தண்ணீர் கான்கிரீட்டைத் தொடுவதற்கு முன்பே தடுக்கப்படுவதால், உப்பு நீர் உள்ள கடலோரத்தில் கம்பிக்கு இது நல்ல காவல். வெளியே நின்று வேலை செய்ய இடம் வேண்டும் என்பது முதல் சிக்கல். அரை கிரவுண்டு மனையில் எல்லைச் சுவருக்கும் நமக்கும் நடுவே அந்த இடம் எங்கே இருக்கிறது? பெரிய சிக்கல் இன்னொன்று. மண் நிரப்பும்போது ஒரு கல் தாளைக் கிழித்துவிட்டால், தண்ணீர் உறைக்கும் சுவருக்கும் நடுவே ஓடி, பத்தடி தள்ளி எங்கோ எட்டிப் பார்க்கும். ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க மறுபடி தோண்ட வேண்டும்.

இரண்டாவது வழியில், நீர் புகாதபடி வார்த்த கான்கிரீட் கசிந்தால் கசிந்த இடம் அங்கேயே தெரியும். துளையிட்டுப் பாலியூரித்தேன் என்ற பிசினைச் செலுத்தி அடைத்துவிடலாம். என் மனம் இந்தப் பக்கம் சாய்வதற்கு இதுவே காரணம். ஜெர்மானியர்கள் தார் உறையைக் ‘கறுப்புத் தொட்டி’ என்றும் இதை ‘வெள்ளைத் தொட்டி’ என்றும் சொல்கிறார்கள். நம் நாட்டில் நீர்த்தொட்டிகளுக்கான ஐ.எஸ். 3370 விதி இதற்கும் நல்ல வழிகாட்டி: எம்30 என்ற வலிமைத் தரத்துக்குக் குறையாத கான்கிரீட், சிமென்ட்டின் எடையில் 0.45 பங்குக்கு மேற்படாத தண்ணீர். காகிதத்தில் எளிது. கலவை இறுகுகிறது என்று ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிடும் கையை யார் பிடிப்பது? படிகம் வளர்ந்து விரிசலை மூடும் என்று விற்கப்படும் கலப்புப்பொருள், மயிரிழை விரிசலுக்கு உதவும். அதிர்வூட்டி சரியாகப் போடாமல் தேன்கூடுபோல் பொத்தலாகிப்போன சுவருக்கு உதவாது. கசிவு பெரும்பாலும் தளமும் சுவரும் சேரும் இணைப்பில்தான் வருகிறது. அதனால் தளத்தோடு சேர்த்தே சுவரின் முதல் அரை அடியை வார்த்து, அதற்கு மேல் வரும் இணைப்பில் பி.வி.சி. நீர்த்தடுப்புப் பட்டை பதிப்பது கட்டாயம்.

மோட்டார் வழியில் சுவரின் உள்முகத்தில் குமிழ்த்தாள் (புடைப்புகள் கொண்ட பிளாஸ்டிக் தாள்) பதித்து, கசிவை வாய்க்கால் வழியாகச் சம்புக்குக் கொண்டுபோய் இறைப்பார்கள். பாறைப் பகுதியில், ஊற்று குறைவாக இருந்தால், நியாயமான ஏற்பாடு. கடலோர மணலில் மழைக்காலம் முழுக்க அது ஓடிக்கொண்டே இருக்கும். புயலன்று மின்சாரம் போகும், அன்றுதான் அது வேண்டும். இரண்டாவது காவலாக வைத்துக்கொள்ளலாம், முதல் காவலாக அல்ல. உள்சுவரில் மட்டும் பூச்சு அடித்துத் தருகிறேன் என்பவரை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. பின்னாலிருந்து தள்ளும் தண்ணீர் அதைத் தோலோடு உரித்துவிடும்.

மூன்று வழிக்கும் பொதுவான ஓர் ஆபத்தைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. நிலவறை மிதக்கும். பத்துக்குப் பத்து மீட்டர் அறை, அடித்தளத்தின் கீழ்மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் உயரத்துக்கு நீர் என்று வைத்துக்கொள்வோம். மேல்நோக்கித் தள்ளும் விசை 200 டன். 40 சென்டிமீட்டர் தடிமனில் தளமும், 25 சென்டிமீட்டர் தடிமனில் மூன்று மீட்டர் உயரச் சுவரும் சேர்ந்து ஏறக்குறைய 175 டன்தான். அறைக்கு மேல்கூரை போட்ட பிறகும் எடை விசையைச் சற்றே மிஞ்சும், அவ்வளவுதான். மேலே இரண்டு மாடி ஏறிவிட்டால் கவலையில்லை. பணம் தட்டுப்பட்டு வேலை நின்று, கட்டும்போது குழியிலிருந்து நீர் இறைக்கும் மோட்டாரையும் நிறுத்திவிட்டுப் போகும் ஐப்பசி மாதம்தான் பயம். மோட்டாரை எப்போது நிறுத்தலாம் என்று கட்டமைப்புப் பொறியாளரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

என் வீடு என்றால், களிமண்ணில் வெள்ளைத் தொட்டியும் ஒரு சம்பும். கடலோரத்தில் அதன்மேல் வெளி உறையும் சேர்த்து. டிசம்பர் நீர்மட்டம் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருந்தால் அறையைப் பாதி மேலே தூக்கி அரை நிலவறையாக்கிவிடுவேன். அழுத்தமும் குறையும், ஜன்னலும் கிடைக்கும். எப்படிக் கட்டினாலும் காரிறங்கும் சரிவின் வாயில், தெருவில் வெள்ளம் தொட்ட உயரத்துக்கு மேலே ஒரு மேடு வேண்டும். அது இல்லாவிட்டால் தண்ணீர் சுவர் வழியாக வர வேண்டிய அவசியமே இல்லை. காரைப்போலவே வாசல் வழியாக இறங்கி வரும்.