ஷிஃப்ட் ரியாக்டருக்கு எந்தச் சமன்பாடு: பவர் லாவா, லாங்மூர்-ஹின்ஷெல்வுட்டா?

காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தேங்காய்த் தொட்டிக்குப் பஞ்சமே இல்லை. அதைக் கேஸிஃபையரில் (குறைந்த காற்றில் எரித்து எரிவாயு ஆக்கும் உலை) போட்டால் வரும் வாயுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு. நீராவி சேர்த்து இரும்பு-குரோமியம் வினையூக்கி மேல் விட்டால் ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும். இதுதான் ஷிஃப்ட் வினை. பெருந்துறையில் ஒரு சின்ன ரியாக்டர் போட்டோம். வினை எவ்வளவு வேகமாக நடக்கும் என்று கணக்கிடும் வினைவேகச் சமன்பாடு எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது.

சமநிலை மாறிலி, அதாவது வினை எவ்வளவு தூரம் போய் நிற்கும் என்று சொல்லும் எண், எந்த மாடலுக்கும் வேண்டும். 400 டிகிரியில் அது சுமார் 12, 200 டிகிரியில் 200ஐத் தாண்டும். ஹைட்ரஜன் திரும்பவும் நீராவியாகிற பின்னோக்கு வினைக்கான அந்தக் காரணியை விட்டுவிட்டால் கார்பன் மோனாக்சைடு முழுக்கத் தீர்ந்துவிடும் என்று கணக்கு பொய் சொல்லும். அதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

முதலில் லாங்மூர்-ஹின்ஷெல்வுட்டைத்தான் எடுத்தேன். எந்த வாயு பரப்பில் எவ்வளவு ஒட்டுகிறது என்பதையே சமன்பாட்டில் எழுதுகிற அழகு அதற்கு உண்டு. ஆனால் நான்கு வாயுவுக்கும் ஒட்டுதல் மாறிலி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண் (அளவு ஒன்று, சூட்டோடு அது மாறும் விதம் ஒன்று), வேக மாறிலிக்கும் அதே மாதிரி இரண்டு: மொத்தம் பத்து. என் கையில் இருந்ததோ பன்னிரண்டு சோதனை ஓட்டம். கோடு புள்ளிகள் மேல் அச்சாக உட்கார்ந்தது. எண்களைப் பார்த்தால், சூடு ஏற ஏறத் தண்ணீர் அதிகமாக ஒட்டுகிறதாம்! காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் எங்கே நிற்கும்? ஆரம்ப மதிப்பை மாற்றினால் வேறு பத்து எண்கள், அதே அழகான கோடு.

பவர் லா என்றால் வேக மாறிலியோடு ஒவ்வொரு வாயுவின் அழுத்தத்தையும் ஓர் அடுக்குக்கு உயர்த்திப் பெருக்குவது, அவ்வளவுதான். வேக மாறிலிக்கு இரண்டு, அடுக்குகள் நான்கு: ஆறே எண்கள். எங்கள் டேட்டாவில் ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு இரண்டின் அடுக்கும் பூஜ்யத்தை ஒட்டியே வந்தன, அவற்றைத் தூக்கிவிட்டேன். மிச்சம் நான்கு.

என்னை முடிவெடுக்க வைத்தது வினையூக்கிக்கு வயசாகிற விஷயம். கந்தகம் கொஞ்சம், சூட்டில் துகள்கள் ஒட்டிப் பெருப்பது கொஞ்சம் என்று மாதாமாதம் வீரியம் குறையும். ரியாக்டரை ஓட்டுகிற டூட்டியில் இருந்த அண்ணன் என் எக்செல் தாளைப் பார்த்து, "ஏனுங் தம்பி, இதுல எந்த நம்பரத்தான் நான் மாத்தறது?" என்றார். பத்து எண் தாளைக் காட்டி அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது வேக மாறிலி முன் ஒரு பெருக்கி. புதிதில் 1, வெளியேறும் வாயுவை அளந்து அவரே குறைத்துக்கொள்கிறார்.

200-250 டிகிரியில் ஓடும் செம்பு-துத்தநாக வினையூக்கியில் நான் கை வைத்ததில்லை. அங்கே ஒட்டுதல் முக்கியமாகி லாங்மூரே ஜெயிக்கலாம். வாயுவின் கலவை தாறுமாறாக மாறுகிற இடத்திலும் பவர் லாவை நம்பமாட்டேன்.

எதை எடுத்தாலும் வினையூக்கிக் குளிகையை உடைத்துச் சலித்தே டேட்டா எடுங்கள். முழுக் குளிகையில் வாயு துளைக்குள் நுழையத் திணறினால், கிளர்வு ஆற்றல் (சூட்டுக்கு வேகம் எவ்வளவு ஏறும் என்பதைச் சொல்லும் எண்) உள்ளதில் பாதியாகத்தான் தெரியும். எங்களுக்கு உரலில் இடித்துச் சலிக்கவே ஒரு நாள் போனது.