மஹிந்திரா தார் ஜீப்புக்கு தண்ணி டேங்க்: ஸ்டீலா, பிளாஸ்டிக்கா?

ஏற்காடு தாண்டி காட்டுப்பக்கம் டென்ட் போடுற நம்ம பசங்க ரெண்டு பேரு இதையே கேட்டுட்டு இருக்காங்க, அதான் எழுதுறேன்.

செலவு: பிளாஸ்டிக் கம்மிதாங்க. ஸ்டீல்னா ஷீட்டு, வெல்டிங் கூலின்னு ஏறிடும், ஆனா நம்ம சேலத்துல உருக்காலையே ஸ்டெயின்லெஸ்ல பேர் வாங்குனது, பட்டறைக்கு பஞ்சமில்ல. 304 கிரேடுதான்னு (தண்ணிக்கு ஏத்த ஸ்டெயின்லெஸ் வகை) கேட்டு வாங்குங்க.

எடை: பிளாஸ்டிக் லேசு. ஆனா டேங்க்கை விட தண்ணிதான் கனம், 40 லிட்டர்னா 40 கிலோ, அத கேரியர் மேல ஏத்திட்டு 20 கொண்டை ஊசி வளைவு ஏறினா வண்டி சாயறது உங்களுக்கே தெரியும். எதுவா இருந்தாலும் பின் சீட்டுக்கு பின்னாடி, கீழ வைங்க. பாதி டேங்க் தண்ணி இன்னும் மோசம், வளைவுக்கு வளைவு அங்கயும் இங்கயும் அடிக்கும், உள்ள ஓட்டை போட்ட தடுப்பு தகடு இருக்கணும். ஸ்டீல்ல அத வெல்ட் பண்ணிக்கலாம், ரெடிமேட் பிளாஸ்டிக்ல கஷ்டம்.

உழைப்பு: ஸ்டீல் வெயில் தாங்கும், ஆனா குலுங்கி குலுங்கி வெல்டிங் விடும், அடில ரப்பர் குடுங்க. என்னோடதுல ஒரு தடவ விட்டு, பாய் பூரா ஈரம்! பிளாஸ்டிக் அடி தாங்கும், ஆனா வெளிச்சம் பட்டா பாசி, அதனால கருப்பு கலர், ஃபுட் கிரேடு (குடிக்கிற தண்ணி வைக்க ஏத்தது) பாத்து வாங்குங்க.

கழுவ: கை நுழையிற வாய் இருந்தா ரெண்டும் ஒண்ணுதான்.

மாசம் ஒருக்கா போறவங்களுக்கு 20 லிட்டர் கேன் ரெண்டு, பெல்ட் போட்டு கட்டினா போதுங்க. வாரக்கணக்கா சுத்துறவங்க ஸ்டீல் அடிச்சு 12 வோல்ட் பம்ப் வச்சுக்கோங்க.