கீழ்ப்பல் செட்டும் இரண்டு இம்ப்ளான்ட்டுகளும்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

முழுப் பல் செட் அணிபவர்களில் பெரும்பாலோர் குறைபட்டுக்கொள்வது கீழ்ச் செட்டைப் பற்றித்தான். மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடி, இடையிலுள்ள எச்சில் படலத்தாலும் ஓரங்களில் காற்றுப் புகாமல் அடைபடுவதாலும் ஒட்டிக்கொள்கிறது. கீழ்ச் செட்டுக்கோ உட்கார ஒடுங்கிய மேடு ஒன்றே உண்டு. நடுவில் நாக்கு ஓயாமல் அசைகிறது. போதாக்குறைக்கு, பல் போன பிறகு கீழ்த்தாடை எலும்பு மேல்தாடையைவிட அதிகமாகக் கரைகிறது. எனக்கும் மேல் செட் விரைவிலேயே பழகிவிட்டது. கீழ்ச் செட் மட்டும் பேசும்போது எழும்பும்; ஒரு பக்கம் கடித்தால் மறுபக்கம் தூக்கும்.

பசை வைத்துச் சமாளித்த காலமும் உண்டு. காலையில் தடவியது மதியம் ரசம் சாதத்தோடு இளகிவிடும்; இரவில் ஈறில் படிந்த மிச்சத்தைத் துணியால் வழித்தெடுப்பது தனி வேலை. துத்தநாகம் கலந்த பசையை நெடுநாள் அளவுக்கு மீறிப் பயன்படுத்தியவர்களுக்குத் தாமிரச் சத்துக் குறைந்து நரம்புப் பாதிப்பு வந்ததுண்டு என்பதால், வாங்கும்போது அட்டையைப் படித்துவிடுவது நல்லது.

பிறகுதான் கீழ்த்தாடையின் முன்பகுதியில் இரண்டு இம்ப்ளான்ட் (எலும்புக்குள் பதிக்கும் திருகு போன்ற சிறு வேர்) பொருத்தி, அவற்றின்மேல் செட்டை மாட்டிக்கொள்ளும் முறைக்கு மாறினேன். 2002-இல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முதலில் பரிந்துரைக்க வேண்டிய சிகிச்சை இதுவே என்று சொன்னார்கள். எனக்குப் பொருத்தியது லொகேட்டர் வகை: ஈறுக்கு மேல் குட்டையாகத் தெரியும் உலோகக் குமிழ், செட்டின் அடியில் அதைக் கவ்வும் நைலான் வளையம்.

அந்த வளையத்தின் நிறத்தில்தான் விஷயம் இருக்கிறது. நிறமற்றதைக் கழற்ற ஏறத்தாழ 2.3 கிலோ இழுவிசை வேண்டும், இளஞ்சிவப்புக்கு 1.4, நீலத்துக்கு 0.7 கிலோ. பிடிப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்று பலர் எண்ணுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மூட்டுவலி உள்ள விரல்களால் ஒவ்வோர் இரவும் கழற்ற வேண்டிய பொருள் இது. முதலில் போட்ட நிறமற்ற வளையத்தோடு குளியலறைக் கண்ணாடி முன் மல்லுக்கட்டிய பிறகு, மருத்துவர் இளஞ்சிவப்பை மாட்டினார். பிடிப்புக் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. முறுக்கை மட்டும் உடைத்து, கடைவாயில் வைத்து மெல்கிறேன்.

அணியும்போது இரு பக்கமும் விரலால் ஒருசேர அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். கடித்து உட்காரவைத்தால் வளையம் கோணலாகத் தேயும். குமிழின் நடுவில் ஒரு சிறு குழி இருக்கிறது. எள்ளுருண்டை தின்ற அன்று அதில் ஓர் எள் சிக்கியிருந்தால்கூடச் செட் முழுதாக இறங்காது. ஆகவே, செட்டைத் துலக்குவதுபோலவே குமிழையும் அதைச் சுற்றிய ஈறையும் மென்மையான தூரிகையால் துலக்க வேண்டும்.

வளையம் தேயும், மாற்ற வேண்டும். இதைச் சிகிச்சைக்கு முன்பே சொல்பவர்கள் குறைவு. மாற்றுவது நாற்காலியில் உட்கார்ந்தபடியே முடிகிற சிறு வேலை. ஆனால் புது வளையமும் சீக்கிரமே தளர்ந்தால் காரணம் வேறாக இருக்கலாம். பின்பக்க ஈறுமேடு கரைந்துவிட்டால், மெல்லும்போது செட் இரண்டு இம்ப்ளான்ட்டுகளையும் அச்சாகக் கொண்டு ஏற்றமரம்போல ஆடி வளையத்தை அரைக்கிறது. எனக்கு நேர்ந்தது அதுதான். மருத்துவர் கடைவாய்ப் பல்லின்மேல் விரலை வைத்து அழுத்தியதும் முன்பக்கம் எழும்பியது. செட்டின் அடியில் புது அக்ரிலிக் சேர்த்து ரீலைன் செய்த பிறகே வளையங்கள் நிலைத்தன.

பல் செட் போன்ற செயற்கை உறுப்புகளைச் செய்யும் இதே துறையில்தான், காதோ மூக்கோ இழந்தவர்களுக்குச் சிலிக்கோன் காதும் மூக்கும் செய்கிறார்கள். வியர்வையும் தோலின் எண்ணெயும் பசையின் பிடியைத் தளர்த்துவதால், அங்கும் எலும்பில் இம்ப்ளான்ட் வைத்துக் காந்தத்தாலோ கம்பி-கிளிப்பாலோ மாட்டுவதுண்டு. காந்தம் இருந்தால் எம்ஆர்ஐ எடுக்கும் முன் சொல்லிவிட வேண்டும்.

புதிதாகப் போடுபவர்கள், இம்ப்ளான்ட் நிறுவனம், குமிழின் வகை, உயரம் ஆகியவற்றை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் மாறினால் வேறொரு மருத்துவர் பொருத்தமான வளையத்தைத் தருவிக்க அந்தச் சீட்டு வேண்டும்.