புதுக்குடியிருப்பிலிருந்து ஓரிகனுக்கு ஒரு வாக்கு

மகளுக்கு வாக்குச்சீட்டு மின்னஞ்சலில் வந்தது 2024 செப்டெம்பர் 21, சனிக்கிழமை. அன்றுதான் இலங்கையில் எங்கள் ஜனாதிபதித் தேர்தலும். வாக்களித்துவிட்டு வந்து சைக்கிளைத் திண்ணையோடு சாத்திக்கொண்டிருக்கிறேன், "அப்பா, எனக்கும் வந்திட்டுது" என்று போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறாள். அவள் வசிப்பது அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்துக்குப் பக்கத்தில்; அப்போது எங்களிடம் வந்து நின்றாள். அங்கே தேர்தல் நவம்பர் 5. வெளிநாட்டில் நிற்கும் வாக்காளருக்குக் குறைந்தது 45 நாள் முன்பே சீட்டு அனுப்பியாக வேண்டும் என்பது அமெரிக்க மத்திய சட்டம். கலண்டரை எடுத்து எண்ணிப் பார்த்தேன். 45 நாள் சரியாக இருந்தது.

நான் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். 2013 மாகாண சபைத் தேர்தல் தொடங்கி 2020 பாராளுமன்றத் தேர்தல் வரை தேர்தல் கடமைக்குப் போனவன். கடைசி சில தேர்தல்களில் சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலர். முதல் நாளே பெட்டியோடு பள்ளிக்கூடத்துக்குப் போய், வகுப்பறை வாங்கில் படுத்து, மறுநாள் முத்திரையிட்ட பெட்டியை வாக்கெண்ணும் நிலையத்தில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கும் வரை நித்திரை கிடையாது. அந்தக் கண்ணோடுதான் மகள் இங்கிருந்து வாக்களித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எங்கட பிள்ளைகள் பலர் அமெரிக்கப் பிரஜைகள். இங்கே தாய் தகப்பனைப் பார்க்க வந்து நிற்கும்போது அங்கே தேர்தல் வந்தால் வாக்குப் போய்விடும் என்று நினைக்கிறார்கள். போகாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அவள் வந்தது தாயைப் பார்க்க. ஓகஸ்டில் மனைவி கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மகள் சம்பளமில்லா லீவு போட்டுவிட்டு வந்தாள். வந்த கிழமையே இணையத்தில் ஒரு விண்ணப்பம் நிரப்பினாள்: அங்கத்தைய விலாசம், இப்போது நிற்கும் இடம், சீட்டு எந்த வழியில் வேண்டும். தபாலிலும் எடுக்கலாம், மின்னஞ்சலிலும் எடுக்கலாம். தபாலை நம்பி இருக்க நேரமில்லை என்று மின்னஞ்சல் போட்டாள். காசு ஒரு சதம் இல்லை. அத்தாட்சிக்கென்று விதானையாரிடமும் போகவில்லை, சமாதான நீதவானிடமும் போகவில்லை.

சீட்டு கையில் இருந்தும் அவள் உடனே நிரப்பவில்லை. ஒக்ரோபர் நடுப்பகுதி வரை வாக்காளர் கைநூல் படித்தாள். இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கைநூல்தான். மாநில அரசே அச்சிட்டு வீடுகளுக்கு அனுப்புகிறது, இணையத்திலும் இருக்கிறது. வேட்பாளர் தன்னைப் பற்றிச் சொல்வது அதில் உண்டு. மக்கள் முடிவுக்கு விடப்படும் ஒவ்வொரு பிரேரணைக்கும் விளக்கம், அதனால் அரசுக்கு எவ்வளவு செலவு என்ற கணக்கு, பிறகு ஆதரித்தும் எதிர்த்தும் வாதங்கள். கட்டணம் கட்டினால் சாதாரண ஆளும் தன் வாதத்தை அச்சில் போடலாம். இங்கே எங்களுக்குக் கிடைப்பது மதிலில் ஒட்டிய படமும் விருப்பு இலக்கமும். ஒரு பொதுநூல், எல்லார் பக்கத்தையும் ஒரே எழுத்தில் போட்டு வீட்டுக்கு வந்தால் எவ்வளவு சண்டை குறையும் என்று யோசித்தேன்.

ஓரிகனில் அந்த முறை ஐந்து மாநிலப் பிரேரணைகள், 115 முதல் 119 வரை. 117ஐ மகள் எனக்கு வாசித்துக் காட்டினாள். வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி வாக்களிக்கும் முறையை ஜனாதிபதி, காங்கிரஸ், ஆளுநர் போன்ற பதவிகளுக்குக் கொண்டுவரலாமா என்பது கேள்வி. "இது எங்கட முறை மாதிரி எல்லோ அப்பா?" என்றாள். அப்படியே எங்கள் முறை இல்லை, ஆனால் சொந்தம்தான். எங்கள் ஜனாதிபதித் தேர்தலில் இரண்டாம், மூன்றாம் விருப்புகளையும் எண்ணும் முறை 1982இல் நடந்த முதல் தேர்தலிலிருந்தே சட்டத்தில் கிடந்தும், இரண்டாம் எண்ணிக்கை வரைக்கும் போனது இந்த 2024 செப்டெம்பரில்தான், முதல் தடவையாக. ஒருவரும் பாதியைத் தாண்டவில்லை. அன்றிரவு ஊரடங்கு, நாங்கள் வானொலியோடு இருந்தோம். அந்த இரவை வைத்துத்தான் அவளுக்கு 117ஐ விளங்கப்படுத்தினேன். கடைசியில் ஓரிகன் மக்கள் அதை நிராகரித்துவிட்டார்கள். அவள் எப்படி வாக்களித்தாள் என்று நான் கேட்கவில்லை.

சீட்டைப் பார்த்தபோது வேறொன்றும் மனதைத் தொட்டது. ஒரே தாளில் மேலே நாட்டின் ஜனாதிபதி, அப்புறம் காங்கிரஸ் உறுப்பினர், அதற்குக் கீழே மாநிலச் செயலாளர், பொருளாளர், சட்டமா அதிபர், மாநில சட்டசபை. மத்தியும் மாநிலமும் ஒரே நாளில், ஒரே பேனையால். நான் முதன்முதல் தேர்தல் கடமைக்குப் போனது 2013 செப்டெம்பர் 21. அதுவும் ஒரு செப்டெம்பர் 21. வடக்கு மாகாண சபைக்கு நாங்கள் வாக்களித்த ஒரே தேர்தல் அதுதான். 2018 ஒக்ரோபரில் அதன் காலம் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. மகளின் தாளில் மாநிலப் பகுதியை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

இனிக் குறைகள். அச்செடுப்பதற்கு டவுனிலுள்ள ஒரு கொமினிக்கேசனுக்குப் போனோம். கடைப்பொடியன் 'தாளுக்குப் பொருத்து' என்பதை அழுத்தி, ஓரத்துக் கறுப்புக் கோடுகளை வெட்டிவிட்டான். திரும்ப எடுக்கும்போது மின்சாரம் போய்விட்டது. ஒரு மணி நேரம் அங்கே வாங்கில் இருந்தோம். அது அந்த மாநிலத்தின் குற்றமில்லைத்தான். ஆனாலும் வெளிநாட்டு வாக்காளருக்கு வரும் அறிவுறுத்தலில் தாளின் அளவை முதல் வரியிலேயே பெரிதாகப் போட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து, கறுப்புப் பேனை எடுத்தாள். நான் எழும்பினேன்.

"ஏனப்பா எழும்பிறியள்?"

"வாக்களிக்கேக்க பக்கத்தில ஆள் நிக்கக்கூடாது, பிள்ளை."

முற்றத்தில் வேப்பமரத்தடிக்குப் போய் நின்றேன். உள்ளே மனைவி படுக்கையிலிருந்து ஏதோ கேட்க, "பொறுங்கோ அம்மா, வட்டம் நிரப்புறன்" என்றாள். எங்களைப்போலப் புள்ளடியோ இலக்கமோ இல்லை. பெயருக்குப் பக்கத்திலுள்ள சிறு வட்டத்தை முழுக்கக் கறுப்பாக்க வேண்டும். ஒவ்வொன்றாக, கொப்பியில் நிறம் தீட்டும் சின்னப்பிள்ளை மாதிரி நிரப்பினாளாம். இருபது நிமிடம் பிடித்தது.

பிறகுதான் எனக்குப் பிடிக்காத பகுதி. மின்னஞ்சலில் திருப்பி அனுப்புவதென்றால், என் வாக்கின் இரகசியத்தை விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வைக்க வேண்டும். காரணம் நேர்மையானது. வந்த படத்தை அங்கே அலுவலர்கள் இயந்திரம் வாசிக்கக்கூடிய சீட்டொன்றில் பார்த்து எழுதியாக வேண்டும், அப்போது அவர்கள் கண்ணில் படும். மறைக்காமல் சொல்கிறார்களே என்று மெச்சலாம். ஆனால் இத்தனை வருடம் மறைவுத் தட்டியை நேராக வைப்பதற்கே ஓடித்திரிந்த எனக்கு, அவள் அதில் கையெழுத்து வைத்தபோது நெஞ்சு அடைத்தது. இரகசியம் வேண்டுமென்றால் தபாலில் அனுப்பலாம். அப்படிச் செய்பவர் சீட்டு வந்த கிழமையே அனுப்பிவிட வேண்டும்.

உள்ளூரில் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஓரிகனில் எல்லாருக்குமே சீட்டு வீட்டுக்கு வருகிறது. 1996 ஜனவரியில் ரொன் வைடனை செனட்டுக்குத் தெரிவுசெய்தது முழுக்கத் தபால் மூலம் நடந்த இடைத்தேர்தலில்தான். 1998இல் மக்களே வாக்களித்து இதை நிரந்தரமாக்கினார்கள். 2000இல் ஜனாதிபதித் தேர்தலையும் இப்படியே நடத்தினார்கள். திருப்பி அனுப்ப முத்திரைக் காசும் இல்லை, இல்லாவிட்டால் தெருவிலுள்ள பெட்டியில் போடலாம். உறையிலுள்ள கையெழுத்தைப் பதிவிலுள்ளதோடு ஒப்பிடுகிறார்கள். பொருந்தாவிட்டால் தூக்கி எறியாமல் ஆளுக்கு அறிவித்து, தேர்தல் முடிந்த பின்னும் சரிசெய்ய நாள் கொடுக்கிறார்கள். எங்கள் நாட்டில் தபால் வாக்கு என்பது கடமையில் நிற்கும் அரச ஊழியருக்கு. நானும் அப்படித்தான் போட்டேன், கந்தோரில், அத்தாட்சிப்படுத்தும் அலுவலரின் முன்னால். படுக்கையில் கிடந்த என் மனைவிக்கு அது இல்லை. செப்டெம்பர் 21 அன்று அவளுடைய வாக்காளர் அட்டை தலையணைக்குக் கீழேயே கிடந்தது.

பெட்டியை நம்பலாமா என்று கேட்பீர்கள். ஒக்ரோபர் 28 அன்று போர்ட்லாந்தில் ஒரு வாக்குப் பெட்டிக்குள் யாரோ தீ வைத்தார்கள். செய்தி கேட்டு எனக்குக் கை நடுங்கியது. பெட்டிக்குள்ளேயே தீயணைக்கும் ஏற்பாடு இருந்ததால் மூன்று சீட்டுகள்தான் சேதம். ஆற்றுக்கு அப்பால், வொஷிங்டன் மாநிலத்து வான்கூவரில் அதே நாள் எரிந்த பெட்டியில் நூற்றுக்கணக்கில் போய்விட்டன.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்றால், 2010 ஜனவரியில், ஜனாதிபதித் தேர்தல் நேரம், நாங்கள் போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்தோம். வாக்களிக்க பஸ்ஸில் போக வேண்டும் என்றார்கள். மகள், மனைவி, நான் மூவரும் வெயிலில் வரிசையில் நின்றோம். எங்கள் பஸ் வந்து ஏறிப் போய்ச் சேர்ந்தபோது நேரம் முடிந்துவிட்டது. ஆளைச் சீட்டிடம் கொண்டுபோக ஒரு பஸ் போதவில்லை. பதினான்கு வருடம் கழித்து அதே பிள்ளையைத் தேடி ஒரு சீட்டு புதுக்குடியிருப்பு வரை வந்திருக்கிறது.

அனுப்பியதும் இரண்டு நாள் பதில் இல்லை. மகள் நித்திரை இல்லாமல் போனைப் பார்த்தாள். மூன்றாம் நாள், கிடைத்தது, ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று மாநிலத்தின் இணையப் பக்கத்தில் தெரிந்தது. தன் வாக்கு போய்ச் சேர்ந்ததா என்று வாக்காளரே பார்க்கக்கூடிய அந்த ஒரு வரிக்கு மட்டும் தனியாக ஒரு புள்ளி கொடுப்பேன். இந்த வாக்குச் சேவைக்கு மொத்தத்தில் ஐந்துக்கு நான்கு. இரகசியத் தாளுக்காக ஒன்று குறைத்தேன்.

நவம்பர் 14 எங்கள் பாராளுமன்றத் தேர்தலுக்குள் மனைவி நடைச்சட்டம் பிடித்து நடக்கத் தொடங்கிவிட்டாள். ஓட்டோவில் ஏற்றிப் போனோம். மகள் பள்ளிக்கூட வாசலோடு நின்றுகொண்டாள்.

2026 நவம்பர் 3 ஓரிகனில் ஆளுநர் தேர்தல் வருகிறது. அந்த நேரம் இங்கே வந்து நிற்கப் போகிறவர்கள் விண்ணப்பத்தை அந்த வருடமே புதிதாகப் போடுங்கள், பழையதை நம்பாதீர்கள். மின்னஞ்சலில் அனுப்பும் சீட்டு தேர்தல் நாள் இரவு 8 மணிக்கு முன் அங்கே போய்ச் சேர வேண்டும். எங்களுக்கு அது மறுநாள் காலை 9.30. அச்செடுக்க முதல் கொமினிக்கேசனில் தாள் அளவைக் கேளுங்கள்.