பிரசவ வார்டா, கிராமத்து சுகாதார நிலையமா?

ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் தானே செய்ய உதவும் சிகிச்சை) மாணவர்கள் பிரசவப் பிரிவில் பயிற்சி எடுக்க டெல்டாவில் இரண்டு வழி: தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனை மாதிரி பெரிய இடம், அல்லது ஊர்ப்பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம்.

பெரிய ஆஸ்பத்திரியில் சிசேரியன் நிறைய. தையல் இழுக்காமல் ஒருக்களித்துப் புரண்டு, கையை ஊன்றி எழவைப்பதும், எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோல்படச் சேர்த்து வைக்கும் கங்காரு பராமரிப்பும் கைப்பழக்கமாகிவிடும். வீட்டுக்குப் போன தாய் என்ன ஆனாள் என்பது மட்டும் தெரியவே தெரியாது.

சுகாதார நிலையத்தில் பெரும்பாலும் சுகப்பிரசவம்தான். 48 மணி நேரம் கழித்து அனுப்பிவிடுவார்கள். நமக்கு வேலையே அதன்பிறகுதான். கிராம சுகாதார செவிலியரோடு வீடு வீடாகப் போனால், பிள்ளையைத் தூக்கித் தூக்கிக் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வீங்கியவளைப் பார்க்கலாம். காலை நீட்டி உட்கார்ந்து, பேரப்பிள்ளையை முழங்காலில் கிடத்திக் குளிப்பாட்டும் அப்பாயியைப் பார்க்கலாம் (அவரிடம் பாடம் எடுக்கப் போகாதீர்கள், வாசலோடு அனுப்பிவிடுவார்). "நடவுக்கு எப்ப போலாம் மேடம்?" என்ற கேள்வி வரும். நாள் முழுக்கக் குனிந்தே நடுகிற இடுப்புக்கு என்ன பதில் சொல்வது? வார்டில் இது எழாது.

ஒன்றுதான் கிடைக்குமென்றால் கிராமத்தையே எடுப்பேன். அங்கே மேற்பார்வைக்கு நம் துறை ஆள் இருக்க மாட்டார். கல்லூரி ஆசிரியர் வாரம் ஒருமுறையாவது வந்துபோக ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.