லொடலொட சத்தத்துக்கு ஷாக் அப்சார்பரை மாற்றுவதற்கு முன்

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தினமும் ஓடும் சிறிய கார்களில், 40,000 கிலோமீட்டரை ஒட்டி முன்பக்கம் லொடலொட என்று ஒரு சத்தம் தொடங்கும். ஒர்க்ஷாப்பில் விட்டால், "ஷாக் அப்சார்பர் போயிடுச்சு சார், ரெண்டையும் மாத்திடலாம்" என்பதுதான் அடிக்கடி கிடைக்கும் பதில். மாற்றிய பிறகும் சத்தம் போகாது. அந்த வயதில் முதலில் தேய்வது பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் ராடுதான். வளைவில் வண்டி அதிகம் சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரை சஸ்பென்ஷனோடு இணைக்கும் விரல் பருமன் கம்பி அது. இரண்டு முனையிலும் சின்ன பால் ஜாயிண்ட் (கிண்ணத்துக்குள் சுழலும் குண்டு), அதற்கு மேல் ரப்பர் பூட் என்ற உறை. பூட் லேசாகக் கிழிந்தாலே போதும். கடற்காற்றின் உப்பும், ஐப்பசி கார்த்திகையில் தெருவில் தேங்கும் தண்ணீரும் உள்ளே இறங்கி, கிரீஸ் கெட்டு, குண்டு துருப்பிடித்துத் தேய்ந்துவிடும்.

இதை ஸ்பேனரைத் தொடாமலே ஓரளவு உறுதி செய்யலாம். ஒரு சக்கரம் ஏறி மற்றது ஏறாமல் இருக்கும்போதுதான் ஸ்டெபிலைசர் பார் முறுக்கப்படும்; இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கினால் அது தன்னைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்ஷுக்குள் சும்மா திரும்பும். ஆகவே ஒரே ஸ்பீடு பிரேக்கரை 10 கி.மீ. வேகத்தில் இரண்டு விதமாக ஏறிப் பாருங்கள். முதலில் நேராக, பிறகு சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக. சாய்வாக ஏறும்போது மட்டும் 'டக் டக்' என்றால் லிங்க் ராடு, அல்லது பாரைப் பிடித்திருக்கும் டி புஷ். நேராக ஏறினாலும் 'டொம்' என்று அடித்தால் ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) மவுண்ட், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் புஷ் பக்கம் தேட வேண்டும். கண்ணாடியை இறக்கி மதிலை ஒட்டி மெதுவாகப் போனால் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும், எந்தப் பக்கம் என்பது பிடிபடும். விடியற்காலையில் புதுச்சேரி ஒயிட் டவுன் தெருக்களைவிட இதற்கு நல்ல இடம் கிடையாது.

இன்னும் சந்தேகம் என்றால் இரண்டு லிங்க் ராடையும் கழற்றி, பாரின் முனைகள் எதிலும் இடிக்காதபடி கட்டிவிட்டு, 20 கி.மீ. வேகத்துக்குள் தெருவிலேயே ஒரு சுற்று வாருங்கள். சத்தம் நின்றால் விடை கிடைத்துவிட்டது. வளைவில் வண்டி அதிகம் சாயும் என்பதால் மெயின் ரோட்டுக்குப் போக வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கியில் தூக்கி லிங்க் ராடை ஆட்டிப் பார்ப்பதில் பயனில்லை; அது இழுபட்டு இறுகி நிற்கும், ஆட்டம் தெரியாது. பிட்டிலோ (அடியில் நின்று பார்க்கும் குழி) ராம்பிலோ (வண்டியை ஏற்றும் மேடை) சக்கரம் தரையில் இருக்கும்படி பார்ப்பதே சரி.

மற்றவை சுருக்கமாக. பிரேக்கை லேசாக மிதித்தபடி பள்ளத்தில் இறங்கும்போது சத்தம் நின்றால் அது சஸ்பென்ஷனே இல்லை, பிரேக் பேடு கிளிப் அல்லது பேடை அழுத்தும் காலிப்பரின் பின். ரிவர்ஸ் எடுத்து பிரேக் பிடிக்கும்போது ஒரே ஒரு அடி விழுந்தால் லோயர் ஆர்மின் பின்பக்க புஷ். நின்ற இடத்தில் ஸ்டியரிங் திருப்ப 'டங்' என்று ஸ்பிரிங் துள்ளினால் ஸ்ட்ரட் பேரிங். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்து, பிரேக்கை மிதித்தால் அது மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் லோயர் ஆர்மின் பால் ஜாயிண்ட். மழையில் நனைந்ததும் நின்று, காய்ந்ததும் திரும்பும் 'கீச்' உலர்ந்த ரப்பர் புஷ்ஷின் சத்தம்.

லிங்க் ராடை ஜோடியாகவே மாற்றுங்கள்: ராடு 2, புது நட் 4, கூடவே டி புஷ் 2. நட்டைத் திருப்பும்போது அது மாட்டியிருக்கும் மரைத் தண்டான ஸ்டட்டும் சேர்ந்து சுற்றும். அதன் முனையில் 5 அல்லது 6 மி.மீ. ஆலன் கீ போகும் குழி இருக்கும். நம் ஊர் உப்புத் துருவில் அது அடைத்துப் போயிருக்கும் என்பதால் முந்தின இரவே சுரண்டிவிட்டு துரு நீக்கும் ஸ்பிரே அடித்து வைக்க வேண்டும். இதற்கு வீல் அலைன்மென்ட் தேவையில்லை. லோயர் ஆர்ம், ஸ்ட்ரட், டை ராடு எண்டு (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் முனை) தொட்டால் கட்டாயம் தேவை. ஸ்ட்ரட்டின் நடு நட்டை ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் ஒருபோதும் திறக்காதீர்கள். ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து.

மிகவும் வருத்தம் தரும் தவறு லோயர் ஆர்ம் புஷ்ஷில் நடக்கிறது. சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை முழுதாக இறுக்கிவிடுகிறார்கள். ரப்பர் அந்த நிலையிலேயே பிடிபட்டுவிடும். வண்டியை இறக்கியதும் அது முறுக்கிக்கொள்ளும், நிற்கும்போதுகூட முறுக்கு விடாது. நல்ல புஷ்ஷும் சில மாதங்களில் கிழிந்துவிடுகிறது, பழி ஸ்பேர் பார்ட்ஸ் மேல் விழுகிறது. போல்ட்டைக் கையால் மட்டும் ஏற்றி, வண்டியின் எடை சக்கரத்தில் விழுந்த பிறகு, மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கச் சொல்லுங்கள். அருகில் நின்று பாருங்கள்.

வாட்டர் சர்வீஸில் அடியில் டீசலோ பழைய ஆயிலோ அடிக்க விடாதீர்கள். இரும்புக்குத் துரு பிடிக்காது என்று நினைத்துச் செய்கிறார்கள், ஆனால் புஷ் ரப்பர் ஊறி உப்பி மெத்தென்று ஆகிவிடும். நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவினாலே போதும். கீச் சத்தத்துக்கு சிலிகான் ஸ்பிரே மட்டும், அதுவும் ஒரு நேரத்தில் ஒரு புஷ்ஷுக்கு. அப்போதுதான் எது கத்துகிறது என்று தெரியும்.

கடையில் புது லிங்க் ராடு வாங்கும்போது ரப்பர் பூட்டை விரலால் அழுத்துங்கள். உள்ளே கிரீஸ் நிறைந்திருக்க வேண்டும், பூட்டைப் பிடிக்கும் வளையம் சுற்றிலும் சரியாக அமர்ந்திருக்க வேண்டும். ஸ்டட் கையால் எளிதில் லொடலொடவென ஆடினால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மாட்டிய 500 கிலோமீட்டரில் நட் நான்கையும் ஒருமுறை சரிபாருங்கள்.